ஆணியில் தொங்கும் மாலை

செங்கல்பட்டு
9.11.2002, சனிக்கிழமை

மாமாவுக்கு,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

உங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற தனக்கோடி அக்கா மீன் கூடையை இறக்கி வைக்கும் முன்பே சொல்லியிருப்பாள். இருந்தாலும் பெற்றவள் நானும் ஒரு தடவை சொன்னதாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. ஏழரை மாதம். ஒரு கிலோ இருநூற்றைம்பது கிராம். நீங்கள் பிடித்து வருகிற வஞ்சிரம் ஒன்றின் எடைகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். அழுகிறாள் என்பதை வாய் கோணுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், சத்தம் வருவதில்லை. கையில் கட்டியிருக்கிற அட்டையில் 'ரஞ்சிதாவின் குழந்தை' என்று எழுதியிருக்கிறது. அப்பா பேர் எழுத இடம் இல்லையாம். அதுவும் நல்லதாகப் போயிற்று.

குத்திக் காட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், குத்திக் காட்டத்தான் எழுதினேன். வலியோடு ஆட்டோவில் கொண்டுவந்தீர்கள். ஆஸ்பத்திரி கேட் வந்ததும் என்னைத் தனக்கோடி அக்கா தோளில் சாய்த்துவிட்டு, "நீ உள்ள போ, தோ வந்துட்றேன்" என்றீர்கள். இன்றோடு ஐந்து நாள். இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறீர்கள்.

பச்சைக் குழந்தைகள் வார்டுக்குள் ஆண்களை விடுவதில்லை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். எல்லாக் குழந்தைக்கும் அப்பன் வந்து நிற்கிறான். பக்கத்துப் பெட்டியில் இருப்பது கல்யாணியின் மகன். கருங்குழிக்காரி, என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் செங்கல் சூளை வேலைக்காரர், காலில் சேறு காய்வதற்குள் ஓடி வந்து நிற்கிறார். தன் மகனைப் பார்த்த கண்ணோடு நம் பெண்ணையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறார். அவராவது பார்க்கட்டும் என்று நான் நகர்ந்து கொடுக்கிறேன்.

எனக்கு இங்கே ஒரே வேலைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு மில்லியைக் குழாய் வழியாக அவளுக்கு விடுகிறார்கள். மிச்சம் கொட்டப்படுகிறது. கொட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நம் பெரியவள் இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில், இதே ஐப்பசி மாதத்தில், ஒன்பது நாள்தான் இருந்தாள். வருகிற புதன்கிழமை இவளுக்கு ஒன்பதாம் நாள். இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்லுவேன்?

ஒன்று மட்டும் செய்யுங்கள். விளக்கு மாடத்துக்கு மேலே ஆணியில் மாலை வைத்த ஜவுளிக் கடைக் கவர் தொங்குகிறது அல்லவா, அதை எடுத்துக்கொண்டு திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குப் போங்கள். எனக்கு வரன் அமையவில்லை என்று என் அப்பா அழைத்துப் போய், பட்டர் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்றுச் சுற்ற வைத்தார். மூன்றாம் மாதம் நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். கல்யாணம் முடிந்ததும் ஜோடியாகப் போய் அந்தப் பழைய மாலையைச் சேர்த்துவிட்டு வர வேண்டும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நாம் மட்டும் செய்யவில்லை. மீன் நன்றாகப் படுகிறது, நாளைக்குப் போகலாம் என்றது நீங்கள். நாளைக்கு நாளைக்கு என்று நாலு வருஷம் ஓடிவிட்டது. அந்தக் குறைதான் பெரியவளைக் கொண்டுபோயிற்று, இவளையும் இழுக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. பைத்தியம் என்று சொன்னாலும் சரி. போங்கள்.

ரஞ்சிதா


10.11.2002

ரஞ்சிதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு உன்னைப்போல எழுத வராது.

கடல் சரியில்லை. படகை மேட்டுக்கு இழுத்துப் போட ஆள் வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் வரவில்லை. வேறொன்றும் இல்லை.

பால்சுறா கிடைத்தது. உன் அப்பா வலையில் பட்டது. தனக்கோடி அக்கா புட்டு செய்து தூக்கில் வைத்திருக்கிறாள். சூடு ஆறினாலும் பரவாயில்லை, முழுதும் சாப்பிடு. பால் நன்றாக ஊறும். பழைய வேட்டி நாலு கிழித்து, துவைத்து, காய வைத்து அனுப்பியிருக்கிறேன். மழையில் சரியாகக் காயவில்லை. அடுப்பு மேலே கட்டி உலர்த்தினேன், அதனால் புகை வாசனை வரும்.

மாலை விஷயம். அது ஜோடியாகப் போய்ச் செய்ய வேண்டியது. நீ வா, சேர்ந்து போகலாம். அவசரப்பட வேண்டாம்.

குழந்தை யார் ஜாடை?

சுதாகர்


11.11.2002, திங்கள்

மாமாவுக்கு,

புட்டு சாப்பிட்டேன். கல்யாணிக்கும் கொடுத்தேன். அவள் வீட்டில் மீனே வாங்க மாட்டார்களாம், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

யார் ஜாடை என்று கேட்டிருக்கிறீர்கள். முகத்தில் பாதி பிளாஸ்திரி. மீதியில் ஜாடை தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

நேற்று இரண்டு தடவை மூச்சை நிறுத்திவிட்டாள். சத்தம் எதுவும் இல்லை, நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். உடம்பு நீலமாகிக்கொண்டே போனது. ஞானம்மாள் சிஸ்டர்தான் ஓடி வந்து உள்ளங்காலில் விரலால் சுண்டினார். இரண்டு சுண்டு, மூன்று சுண்டு. அப்புறம் நெஞ்சு ஏறி இறங்கியது. குறைமாதக் குழந்தைகள் மூச்சு விட மறந்துபோகுமாம், நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டுமாம். அதிலிருந்து நான் தூங்கவில்லை. அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கண் ஓரமாகப் போனால் அவள் மறந்துவிடுவாள் என்று பயம்.

இப்போது உங்கள் படகுக் கதைக்கு வருகிறேன். தனக்கோடி அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியாதா? இன்று மத்தியானம் கேட் பக்கம் கடிதம் வாங்கப் போனபோது, "கடல் எப்படி இருக்கிறது?" என்று சும்மாதான் கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

"உன் புருசன் தெனம் என் கூடத்தாம்மே வந்துகினு கீறான். பஸ் ஸ்டாண்டுல குந்திகினு எதிர்ச் செவுத்தயே பாத்துகினு கீறான். நான் மீன வித்துட்டு வந்தா, என் கூடயே ஏறி ஊருக்குப் பூட்றான். இன்னாடா உனுக்குன்னா, வாயத் தொறக்க மாட்றான்."

திருப்போரூரில் ஒரு பஸ் மாறி, இவ்வளவு தூரம் தினமும் வருகிறீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு ஒரு ஷேர் ஆட்டோ. அது மட்டும் முடியவில்லையா? எதற்கு வருகிறீர்கள்? இவளும் போய்விட்டால் தூக்கிக்கொண்டு போக ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்றா?

எழுதிவிட்டேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், அதுதான் என் மனசு.

ஜோடியாகப் போகிற காலம் வரைக்கும் இவள் காத்திருக்க மாட்டாள். தனியாகப் போங்கள். நான் வரமுடியாத காரணத்தைப் பெருமாளிடம் சொல்லுங்கள், அவருக்கும் பிள்ளை குட்டி தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கவரைக் கும்பிட்டு வந்திருக்கிறேன், பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. நாளைக் காலையிலேயே போங்கள். நாளை மறுநாள் ஒன்பதாம் நாள்.

ரஞ்சிதா


12.11.2002

ரஞ்சிதாவுக்கு,

காலையில் கோயிலுக்குப் போனேன். முடித்துவிட்டேன். இனி பயப்படாதே. சாப்பிடு, தூங்கு.

சுதாகர்


14.11.2002, வியாழன்

மாமாவுக்கு,

ஒன்பதாம் நாள் தாண்டிவிட்டது. இன்று பத்து. நேற்று முழுக்க நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, உங்கள் ஒரு வரிக் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூச்சை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, மாமா. ஒரு தடவைகூட.

இன்றைக்குக் குழாயை எடுத்துவிட்டுப் பாலாடையில் புகட்டச் சொன்னார்கள். ஐந்து மில்லி. சொட்டுச் சொட்டாக ஊற்ற முக்கால் மணி நேரம் ஆனது. நாக்கை நீட்டி நக்கினாள். எடை இருபது கிராம் ஏறியிருக்கிறது. சிஸ்டரிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இன்னொன்று. புதிதாக வந்திருக்கும் டாக்டர் ஒரு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார். கங்காரு குட்டியைச் சுமப்பதுபோல, குழந்தையைத் துணியில்லாமல் நம் நெஞ்சின் மேல் படுக்க வைத்து, புடவையால் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியின் சூட்டைவிட ஆள் உடம்புச் சூடு நல்லதாம். நம் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்து அதுவும் மூச்சு விடக் கற்றுக்கொள்ளுமாம். நேற்று சாயங்காலம் முதல் தடவை என் மேல் போட்டார்கள். கனமே இல்லை. ஆனால் நான் அசையவில்லை. அசைந்தால் எல்லாம் பொய்யாகிவிடும் போல இருந்தது.

எல்லாம் நீங்கள் போய் வந்ததால்தான். இங்கே இருக்கிற அத்தனை பேரிடமும் மாலைக் கதையைச் சொல்லிவிட்டேன். கல்யாணி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "உங்க பெருமாளுக்கு என் புள்ள பேரயும் சேத்து வேண்டிக்கக்கா" என்றாள். வேண்டிக்கொண்டேன். அவள் மகனுக்கு மஞ்சள் காமாலை, நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

பட்டர் என்ன சொன்னார்? இத்தனை வருஷம் கழித்தா என்று திட்டினாரா? மாலை உதிர்ந்துபோயிருந்ததா? எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒன்றையும் விடாதீர்கள். உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி நீங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறவரைக்கும் இருக்கும்.

ரஞ்சிதா


17.11.2002, ஞாயிறு

மாமாவுக்கு,

மூன்று நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. தூக்கு மட்டும் வருகிறது.

கல்யாணியின் மகன் இன்று காலை போய்விட்டான். நேற்று வரை கையைக் காலை ஆட்டிக்கொண்டு இருந்தவன். எல்லோரும் அவனைச் சுற்றி ஓடினார்கள், இருபது நிமிஷம் போராடினார்கள். ஞானம்மாள் சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணி அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "என் புள்ள பேரச் சொன்னியாக்கா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரியைச் சொன்னதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம். என் பெண்ணுக்குக் கேட்டது கிடைத்தது, அவள் மகனுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. நமக்கு ஒரு மாலை இருந்தது, அவளுக்கு இல்லை, அதனாலா? அப்படி ஒரு பெருமாளை எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் புருஷன் குழந்தையைத் துண்டில் சுற்றினார். வண்டிக்குச் சொல்லலாம் என்று யாரோ சொன்னார்கள். அதெல்லாம் வேண்டாம், பஸ்ஸிலேயே போய்விடுகிறோம் என்று நடந்துவிட்டார். தோளில் சாய்த்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரியே தூக்கிக்கொண்டு போனார். கல்யாணி பின்னாலேயே பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவள் போனபோது நான் வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். ஊருக்கு வந்த பிறகு, சவுக்குத் தோப்பில் வைத்தோம் என்றீர்கள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். அன்றைக்கு அவளை எப்படிக் கொண்டுபோனீர்கள்?

ரஞ்சிதா


18.11.2002

ரஞ்சிதாவுக்கு,

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு வருஷமாக இதை எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்.

பஸ்ஸில்தான் கொண்டுபோனேன். கல்யாணி புருஷன் போன மாதிரியேதான். நான் தனியாக. வண்டிக்காரன் ஒருத்தன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. மழை கொட்டியது. கேட்டை விட்டு வெளியே வந்து இதே பஸ் ஸ்டாண்டில், இப்போது நான் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கு எதிரே நின்று பஸ் ஏறினேன். தெரிந்தால் இறக்கிவிடுவார்கள் என்று அவளைத் தூங்குகிற பிள்ளை மாதிரி தோளில் போட்டுக்கொண்டேன்.

கண்டக்டர் வந்தார். "இன்னாப்பா, கொயந்த தூங்குதா? மொகத்த மூடாத, காத்து வரட்டும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். துண்டுக்கு வெளியே அவள் பாதம் தெரிந்தது போலிருக்கிறது. அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலு சில்லுனு கீதேப்பா, நல்லாப் போத்திக்க. ஆயி எங்க?" என்று கேட்டாள். நான் போர்த்தினேன், ரஞ்சிதா. போர்த்திவிட்டு, "ஆஸ்பத்திரில கீறா, வந்துடுவா" என்றேன். திருப்போரூர் வரைக்கும் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். தட்டாவிட்டால் அந்த அம்மா சந்தேகப்படுவாளே என்று.

அதற்கப்புறம் அந்தக் கேட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. நான் உள்ளே போனால் திரும்பக் கையில் ஒரு துண்டைக் கொடுத்து அனுப்புவார்கள் என்றே தோன்றுகிறது. நான் வராமல் இருந்தால் கொடுக்க ஆளிருக்காது, அதனாலேயே இவள் பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு கணக்கு. முட்டாள்தனம்தான். நீ எழுதியிருந்தாயே, தூக்கிக்கொண்டு போகவா வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. அதைப் படித்துவிட்டு இந்தப் பெஞ்சில் வாந்தி எடுத்தேன்.

இன்னும் இருக்கிறது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். உன் அப்பா சவுக்குத் தோப்பில் குழி வெட்டினார். தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, வெட்ட வெட்ட மணல் சரிந்தது. அவளுக்குப் போட ஒரு முழம் பூ இல்லை. மழையில் எந்தக் கடையும் திறக்கவில்லை. அவளுக்கு நாம் சட்டைகூட வாங்கியிருக்கவில்லை, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரித் துணியோடுதான் இருந்தாள். இப்படியே எப்படி வைப்பது என்று வீட்டுக்கு ஓடினேன். ஆணியில் கவர் தொங்கியது. மாலையை எடுத்துக்கொண்டு போய் அவள் மேல் வைத்தேன். காய்ந்த மாலைதான். இருந்தாலும் பெருமாள் கழுத்தில் கிடந்தது என்று நினைத்தேன்.

நீ ஒரு மாதம் கழித்து ஊருக்கு வந்தாய். வந்தவுடன் அந்த ஆணியைத்தான் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். கிழிந்த வலையிலிருந்து எடுத்த நூல் கொஞ்சம் கிடந்தது. அதைச் சுருட்டி அந்தக் கவருக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டேன். எடையும் ஏறக்குறைய அதே எடை. இரண்டு வருஷமாக நீ கும்பிட்டது அதைத்தான்.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன் என்றது பொய். வாசல் வரைக்கும் போனேன். கையில் வலை நூலோடு எப்படி உள்ளே போவது? திரும்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் நீ பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய் என்றுதான் அப்படி எழுதினேன். நீ சந்தோஷமாக எழுதிய கடிதத்தைப் படித்த பிறகு எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை.

இவளுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான்.

சுதாகர்


20.11.2002, புதன்

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். அப்புறம் நாலையும் மெத்தையில் சேர்த்து வைத்து மறுபடியும் படித்தேன். எனக்குக் காய்ச்சல். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கோபம்.

நூறு வெள்ளிக்கிழமை இருக்கும். நூறு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து வலைக் குப்பைக்குச் சூடம் காட்டியிருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று திருநீறு வேறு பூசிக்கொண்டீர்கள். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். நான் இந்த வார்டு முழுக்க மாலை, மாலை என்று பெருமை அடித்தேன். கல்யாணியிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசினேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. இந்த விஷயத்துக்காக உங்களை ரொம்ப நாள் திட்டுவேன். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஆனால் அதே கடிதத்தில் பெரியவளும் இருந்தாள். இரண்டு வருஷமாக எனக்கு ஒரு கேள்வி. என் பெண் வெறும் உடம்போடு போனாளா, என்ன போட்டு வைத்தார்கள்? கேட்டால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று கேட்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. என் கழுத்தில் கிடந்த மாலை அவள் மேல் கிடந்தது. பெற்ற தாய் கூட வர முடியாவிட்டாலும் தாய் போட்ட மாலை போயிருக்கிறது. நேற்று முழுக்க இதையே நினைத்து அழுதேன். அழுது முடித்தபோது நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியிருந்தது.

பெருமாளிடம் நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதை அவள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் போகிறேன். யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம். நூலைக் கும்பிட்டேன், சரி. கேட்டது அவரிடம்தானே? கவருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல்தான் இவளைக் கொடுத்தார். ஒன்பதாம் நாளைத் தாண்ட வைத்ததும் மாலை இல்லை, உங்கள் பொய்யும் இல்லை. கல்யாணி மகனைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதை நேரில் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இனி காய்ச்சல். திங்கள் சாயங்காலம் குளிர் எடுத்தது. மார்பில் பால் கட்டிக்கொண்டது, நூற்று மூன்று டிகிரி. என்னைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தை பக்கமே போகக் கூடாது என்கிறார்கள். இரண்டு நாளாக நான் அவளைப் பார்க்கவில்லை. அவளை மறுபடியும் பெட்டியில் போட்டார்கள். நாற்பது கிராம் இறங்கிவிட்டாள். நேற்று மூன்று தடவை, இன்று காலை இரண்டு தடவை மூச்சை மறந்திருக்கிறாள். நெஞ்சில் படுத்துப் பழகிய பிள்ளை, தேடுகிறது.

ஞானம்மாள் சிஸ்டர் வந்து என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். வீட்டில் வேறு பெண்பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அம்மா இல்லை, தனக்கோடி அக்காவுக்கு இருமல் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"குழந்தைக்கு ஒரு நெஞ்சு வேணும்மா. அது யாரு நெஞ்சுன்னு அதுக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரர வரச்சொல்லு. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மாமா, அந்தக் கேட்டுக்குள் போவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். எனக்குக் கை கொடுக்க வேண்டாம், என்னைப் பார்க்கக்கூட வர வேண்டாம். அவளிடம் போங்கள். அன்றைக்குத் திருப்போரூர் வரைக்கும் தட்டிக்கொடுத்தீர்களே, அந்தக் கை இங்கே வேண்டும். இவளுக்குத் தட்டினால் தெரியும்.

தனக்கோடி அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இதைக் கொடுப்பாள். படித்து முடித்ததும் ஊர் பஸ் ஏறாதீர்கள்.

ரஞ்சிதா


22.11.2002, வெள்ளி
பச்சைக் குழந்தைகள் வார்டு

ரஞ்சிதாவுக்கு,

நீ மேல் மாடியில் இருக்கிறாய், நான் கீழே. நடுவில் ஒரு படிக்கட்டுதான். இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுந்து வர முடியாது, நெஞ்சு மேலே ஆள் இருக்கிறது. சிஸ்டர் இதைக் கொண்டுவந்து கொடுப்பார். வலது கையை மட்டும் வெளியே விட்டு, தொடை மேல் அட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துவிடு.

கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். அதை மறைக்கப் போவதில்லை. தனக்கோடி அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நீ போறியா, நான் உன்ன தூக்கிகினு போவட்டா?" என்று கேட்டாள். தெருவே பார்த்தது. அப்புறம்தான் போனேன்.

உடனே உள்ளே விட்டார்கள் என்று நினைக்காதே. முதலில் சிஸ்டர் என்னை மோந்து பார்த்தார். மீன் வாடை. குளித்துவிட்டு வா என்றார். குளித்தேன். மறுபடியும் மோந்து பார்த்து மறுபடியும் அனுப்பினார். மூன்றாவது தடவை சிகப்பு சோப்பு ஒன்று முழுசாகக் கரைந்தது. நகம் வெட்டினார்கள். மூலையில் திரை கட்டி, மற்றப் பொம்பளைகளுக்குச் சங்கடம் இல்லாமல் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் அவளைக் கொண்டுவந்தார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிஸ்டர் என் நெஞ்சில் வைத்து உன் பழைய புடவையால் கட்டிவிட்டார். கனம் இல்லை என்று நீ எழுதியிருந்தாய். எனக்குக் கனமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வயிற்றில் ஏதோ பட்டது. அவள் பாதம். நான் முதலில் தேடியதும் அதைத்தான். புடவைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, ரஞ்சிதா. உதைத்தாள். அப்போது நான் அழுததைப் பார்த்து அந்தப் பக்கம் இருந்த பொம்பளைகள் எல்லாம் அழுதுவிட்டார்களாம், சிஸ்டர் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார்.

நேற்று ஆறு மணி நேரம், இன்று காலையிலிருந்து இதுவரை நாலு மணி நேரம். நேற்று ஒரு தடவை மூச்சை மறந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, நெஞ்சோடு இருக்கிறாளே. சிஸ்டர் ஓடி வருவதற்குள் நானே பாதத்தைச் சுண்டினேன். மூச்சு வந்தது. இன்று இன்னும் மறக்கவில்லை. எடை இறங்கவில்லை, ஏறவும் இல்லை. இன்னும் ஒரு வாரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். உனக்குப் பொய் எழுத மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. தனக்கோடி அக்கா ஊரிலிருந்து கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிஸ்டர் உள்ளே விடவில்லை, வெளியே ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன். காலையில் உன் பங்குக்கு நான் கும்பிட்டேன். எனக்கு எப்படிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. பெரியவளிடம்தான் சொன்னேன், தங்கையைப் பார்த்துக்கொள், மாலையைக் கொடுத்தாயா என்று கேட்டேன். நூல் நல்ல நூல்தான், ரஞ்சிதா. இவள் ஊருக்கு வந்தால் அதிலேயே அரைஞாண் முறுக்கிக் கட்டலாம்.

ஊருக்குப் போகிற அன்றைக்கு ஆட்டோ வேண்டாம். பஸ்ஸில்தான் போக வேண்டும். அதே பஸ்ஸில். யாராவது எழுந்து இடம் கொடுத்தால் நீ உட்கார், நான் நின்றுகொண்டே வருகிறேன். அதற்குள் இவளுக்குச் சத்தம் வந்துவிடும் என்று சிஸ்டர் சொல்கிறார். வரட்டும். செங்கல்பட்டில் ஆரம்பித்துத் திருப்போரூர் வரைக்கும், அங்கே மாறி ஊர் வரைக்கும், நிறுத்தாமல் அழட்டும். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கட்டும். தாலாட்டு, பால் கொடு என்று ஆளாளுக்குச் சொல்லட்டும். நீ அவசரப்பட்டுச் சமாதானப்படுத்திவிடாதே.

என்னப்பா இப்படிக் கத்துகிறது என்று கண்டக்டர் கேட்பார். அவருக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

"எம் பொண்ணுண்ணா. தூங்கல. அழுவட்டும், வுடு."

சுதாகர்